கூரை வேண்டாத மரத்தளம்

அந்தப் பலகை அறுபத்திரண்டு நாட்கள் தொங்கியது. அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அது கணக்கில் சேராது என்று தெரியாமல் கோசலை அன்று காலை தலைக்குக் குளித்து, பால் காய்ச்சி, தச்சர் மகேந்திரராசாவுக்காகக் காத்திருந்தாள். பிரான்சில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடியில் அவளுக்கும் கணவன் வரதராசாவுக்கும் ஒரு சிறிய வீடு சொந்தமாக இருந்தது. குசினி ஜன்னலைத் திறந்தால் உள்முற்றம். ஜன்னலின் கீழ்விளிம்போடு ஒட்டினாற்போல, கீழ்க்கடையின் பின்னறைக் கூரை தட்டையாக நீண்டு கிடந்தது. சரளைக்கல் பரப்பிய கூரை. மழை பெய்தால் நடுவில் ஒரு குட்டை தேங்கும். அந்தக் குட்டையில் வானம் வந்து படுத்துக்கொள்ளும்.

அந்தக் கூரையின்மேல் ஒரு மரத்தளம். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

கேட்பது சுலபமாக இருக்கவில்லை. முதலில் கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் கூடி வாக்களிக்க வேண்டும். பிறகு மெரியில், அதாவது நகரசபையில், வரைபடங்களோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எல்லாம் கிடைத்த பிறகும் வேலையைத் தொடங்க முடியாது. இன்னாருக்கு இன்ன வேலைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதி இரண்டு மாதம் தொங்கவிட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லலாம். இரண்டு மாதம் முடியாமல் மகேந்திரராசா ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார்.

"ஒருக்கா அவசரப்பட்டுச் செய்துபோட்டு நானே கழட்டினனான். நான் பூட்டின மரத்தை நானே கழட்டிறது, பெத்த பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி" என்று முன்பே சொல்லியிருந்தார்.

அவர் படியேறி வந்ததும் முதலில் பலகையைத்தான் கேட்டார்.

"பலகையைக் கழட்டிப்போட்டுத் தொடங்குவம் தங்கச்சி. எங்கை கிடக்கு? வாசல்லை காணேல்லை."

"உள்ளுக்கை இருக்கு அண்ணை."

"எந்த உள்ளுக்கை?"

கோசலை அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். முற்றத்தைத் தாண்டி, குப்பை வாளிகள் வைக்கும் அறையைத் திறந்து, கதவை உட்பக்கமாக இழுத்துச் சாத்தினாள். கதவின் பின்புறத்தில் பலகை இருந்தது. அதன் மேல்விளிம்பில் ஒரு எலுமிச்சங்காயும் செத்தல் மிளகாய்களும் நூலில் கோத்துத் தொங்கின. எலுமிச்சங்காய் காய்ந்து கறுத்துப் பாக்கு அளவாகியிருந்தது.

மகேந்திரராசா பலகையைப் பார்த்தார். எலுமிச்சங்காயைப் பார்த்தார். வரிசையாக நின்ற பச்சை வாளிகளையும் பார்த்தார்.

"இதை ஆர் இஞ்சை கொழுவினது?"

"இவர்தான். நானும் ஓம் எண்டனான். றோட்டுப் பக்கம் போட்டால் போறவாற சனமெல்லாம் பாக்கும். நாவூறு பட்டிடும் எண்டு..."

"தங்கச்சி, ஊர் பாக்கவேணும் எண்டுதானே இந்தப் பலகையையே போடச் சொல்லுறாங்கள். நீங்கள் குப்பை வாளிக்குக் காட்டியிருக்கிறியள்."

"குப்பை எடுக்க வாற ஆக்கள் பாப்பினம்தானே அண்ணை?"

"பாப்பினம். ஆனா அவை இஞ்சை குடியிருக்கேல்லையே." அவர் சிரித்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "றோட்டிலை நிண்டு வாசிக்கக்கூடிய இடத்திலை கொழுவின நாளிலை இருந்துதான் கணக்கு. இது செல்லாது. இண்டைக்கு வாசல்லை கொழுவுங்கோ. ரெண்டு மாசம் கழிச்சு வாறன்."

அவர் போன பிறகும் கோசலை அந்த அறையிலேயே நின்றாள். இன்னும் இரண்டு மாதம். வரதராசாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

வரதராசா வீட்டில் தூங்குவதில்லை.

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் கோசலை அதைப் புதுமாப்பிள்ளைக் கூச்சம் என்று நினைத்தாள். பிறகு பழக்கம் என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் படுப்பான். கண்ணை மூடுவான். அவள் விழிக்கும்போதெல்லாம் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருப்பான். ஜன்னல் திறந்திருக்கும்.

"ஏனப்பா படுக்கேல்லை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வெக்கையாக் கிடக்கு" என்றான்.

அப்போது தை மாதம். முற்றத்தில் பனி உறைந்திருந்தது.

அவனுக்கு ரூ காய் என்ற தெருவில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் சில மணி நேர ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் வீடு ஐந்து நிமிட நடையில் இருந்தும் அவன் வருவதில்லை. ஒருநாள் தேடிப் போனவள் தண்டவாளங்களுக்குப் பக்கத்திலுள்ள பூங்காவில் அவனைக் கண்டாள். மர வாங்கில் மல்லாந்து படுத்து, வாய் சற்றுத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். நீளமான ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது. அவன் அசையவில்லை. கணவன் தூங்குவதைக் கோசலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். யாரோ ஒருவனுடைய முகம்போல இருந்தது. சின்னப் பையனின் முகம். அவள் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் எழும்பும்வரை புறாக்களைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே யாருக்கும் அவர்கள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விசர் என்பார்கள். பூங்காவில் கண்டவர்கள் கேட்டால், "இரவு வேலை" என்று இருவரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். மழை நாட்களிலும் குளிர் நாட்களிலும் அவன் தூங்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே தோல் கறுத்தது. போன வருடம் ஒரு நாள் கத்தி நழுவி இரண்டு விரலை வெட்டிக்கொண்டான். அதன் பிறகு கோசலைக்குப் பயம் பிடித்தது.

மரத்தள யோசனை அவளுடையது. ஒரு சித்திரை மாதத்தில் கூரைத் தண்ணீர் போகும் துவாரம் அடைத்துவிட்டது. சருகை எடுக்கவென்று ஜன்னல் வழியாக இறங்கிப் போன வரதராசா திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தாள். கை நிறையச் சருகோடு சரளைக்கல்லின்மேல் தூங்கிவிட்டிருந்தான். வெயில் அவன் நெற்றியில் இருந்தது. எதிர்ப்பக்கம், மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஜெர்மேன் என்ற பிரெஞ்சுக் கிழவி, கூரையில் ஏறக் கூடாது, கூரையில் ஏறக் கூடாது என்று உரத்துக் கத்தினாள். அவன் திடுக்கிட்டு எழுந்து, மன்னிப்புக் கேட்டு, உள்ளே வந்தான்.

"ஏறலாம் எண்டு ஆக்கினால்?" என்றாள் கோசலை.

அன்று இரவு அவன் அளவு நாடாவைத் தேடினான்.

வரைபடம் போட வந்த மகேந்திரராசா, "மேலை ஒரு சின்னக் கூரை இழுப்பம். மழைக்கு நல்லது. பிறகு ஏத்த வெளிக்கிட்டால் திரும்ப அனுமதி எடுக்கவேணும்" என்றார்.

"மேலை ஒண்டும் வேண்டாம்" என்றான் வரதராசா.

"துணிப் பந்தல் மாதிரி எண்டாலும்..."

"மேலை ஒண்டும் வேண்டாம் எண்டிறன்!"

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருந்த மகேந்திரராசா அதைக் குடிக்க மறந்துபோனார்.

பலகையைப் பற்றிச் சொன்னபோது வரதராசா கோபப்படவில்லை. "வாசல்லை போட்டால் ஏன் எண்டு கேப்பினம்" என்றான். தான் நாவூறுக்காக ஒளித்ததை அவன் வேறு எதற்காகவோ ஒளித்திருக்கிறான் என்று கோசலைக்கு அப்போது தோன்றியது. எதற்காக என்று கேட்கவில்லை. கேட்டால் வெக்கை என்பான்.

பலகையைத் தெருவாசலில், புஸ்பராணி அக்காவின் சேலைக் கடைக் கண்ணாடிக்கும் கட்டடக் கதவுக்கும் நடுவில் கோசலையே மாட்டினாள். எலுமிச்சங்காயைக் கழற்றிவிட்டாள். அவள் முக்காலியிலிருந்து இறங்குமுன்னரே புஸ்பராணி அக்கா வெளியே வந்துவிட்டா.

"என்ன பிள்ளை, மாடி கட்டுறியளோ? சொல்லவேயில்லை!"

"மாடியில்லை அக்கா. சின்னத் தெராஸ்."

"தெராஸோ! ஆருக்கு, என்னத்துக்கு?"

"கறிவேப்பிலை வைக்க அக்கா. சாடியிலை."

"ஒரு கறிவேப்பிலைக் கண்டுக்கு மெரி வரைக்கும் போன ஆள் நீதானடி."

மறுநாள் வரதராசாவையும் பிடித்தா. அவன், "மிளகாய் காயப்போட" என்றான். அதற்கடுத்த நாள் கோசலை வந்தபோது புஸ்பராணி அக்கா கடை வாசலிலேயே தயாராக நின்றா.

"புருசன் மிளகாய் எண்டிறார். நீ கறிவேப்பிலை எண்டிறாய். உப்பும் புளியும் இருந்தால் சாப்பாட்டுக் கடையே திறக்கலாம் போல கிடக்கே!"

கோசலை சிரித்துக்கொண்டு படியேறிவிட்டாள். மறுத்துச் சொல்லியிருக்கலாம். மறுத்தால் பிறகு என்னத்துக்கு என்ற கேள்வி திரும்பவும் வரும்.

அந்தக் கோடை மெதுவாக நகர்ந்தது. பள்ளிக்கூடங்கள் மூடியதால் கோசலைக்குக் கன்ரீனில் பரிமாறும் வேலை இல்லை. காலையில் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலருகே நிற்பாள். அவளுக்கு அந்தத் தளம் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. மனதால் ஜன்னலைத் தாண்டி அதன்மேல் காலை வைப்பாள். மரம் பாதத்துக்கு இளஞ்சூடாக இருக்கும். தூரத்தில் மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும் ஓசை, மணலில் அலை ஏறி இறங்குவதுபோல வந்து போகும். நான்கு பக்கமும் சுவர் எழும்பிய அந்த முற்றம் ஒரு கிணறு என்றும், தளம் அதில் மிதக்கும் தெப்பம் என்றும் நினைத்துக்கொள்வாள். தெப்பத்தின் நடுவே பாய். பாயில் வரதராசா. புறாக்கள் அவனைச் சுற்றி நடக்கும், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. தெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும். முதல் மாடி, இரண்டாம் மாடி, ஜெர்மேனின் ஜன்னல், புகைபோக்கிகள். அவன் தூங்கிக்கொண்டே இருப்பான். தேநீர் ஆறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்தக் கனவு கலையும். அன்று பின்னேரம் வன்னியிலிருந்து மாமியார் கனகம்மாவின் அழைப்பு வரும். வரதராசா தொலைபேசியின் ஒலியைப் பெரிதாக்கி மேசையில் வைப்பான். மாமியார் சுகம் விசாரிப்பார். மழையா வெயிலா என்று கேட்பார். பிறகு எப்போதும் ஒரே கேள்வி.

"தம்பி, அண்ணையைப் பற்றி ஏதும் அறிஞ்சனியே?"

வரதராசாவின் அண்ணன் ஜனார்த்தனன் இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். கலியாணம் பேசியபோதே கோசலையின் வீட்டுக்கு அதைச் சொல்லியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் கடைசிவரை ஒன்றாக இருந்ததாகவும், சன நெரிசலில் பிரிந்துவிட்டதாகவும். கனகம்மா இன்னும் தேடுகிறார். வீதியோரக் கொட்டகையில், பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பிரான்சிலை எத்தினை பேர் வந்திருக்கினம். ஆரும் கண்டிருப்பினம் தம்பி."

"விசாரிக்கிறன் அம்மா" என்பான் வரதராசா. சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான்.

இரண்டாவது தடவை மாட்டிய பலகைக்கு இன்னும் ஒரு வாரம் மிச்சமிருந்த ஞாயிறும் அப்படித்தான் போனது. மாமியார் கேட்டார். அவன் விசாரிக்கிறன் என்றான். அழைப்பு முடிந்து, ஜன்னலைத் திறந்து அவன் நின்றபோது கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஜெர்மேன் நின்றாள். மூன்று மாடி இறங்கி, முற்றத்தைக் கடந்து, மறுபடி ஒரு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு கடிதம்.

"உட்காருங்கள் மதாம்" என்றாள் கோசலை, தன் கன்ரீன் பிரெஞ்சில்.

"நிற்கிறேன். இந்தக் கடிதத்தை நாளை அனுப்பப் போகிறேன். முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பழக்கமில்லை. அதனால் முதலில் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்கள் அனுமதியை எதிர்க்கிறேன்."

கோசலை கடிதத்தைப் பார்த்தாள். "ஏன் மதாம்? கூட்டத்தில் நீங்கள் சரி என்றுதானே கை உயர்த்தினீர்கள்?"

"கூட்டத்தில் உங்கள் கணவர் காற்றுக்காக என்றார். காற்று எல்லோருக்கும் வேண்டும், உயர்த்தினேன். இப்போது கீழே எல்லோரும் உணவகம் என்கிறார்கள். மேசை போட்டு, விளக்குப் போட்டு, என் ஜன்னலுக்கு எதிரே, கீழே. எனக்கு வயது எழுபத்தெட்டு. நாளுக்கு நாலு மணி நேரம் தூங்குகிறேன். அந்த நாலு மணி நேரத்தையும் உங்கள் விருந்தாளிகளுக்குத் தர முடியாது."

"உணவகம் இல்லை மதாம். மிளகாய்..."

"மிளகாயா? என்னிடம் ஏதோ இலை என்றார்கள்."

தானும் அவனும் சொன்ன பொய்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி ஒரு கடை திறந்துவிட்டதைக் கோசலை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெர்மேன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நிற்கிறேன் என்றதை மறந்துவிட்டாள் போலிருந்தது.

"மெரிக்குப் போய் உங்கள் கோப்பைப் பார்த்தேன். யாரும் போய்ப் பார்க்கலாம், பலகையில் எழுதியிருக்கிறது. அதில்தான் ஒன்று எனக்குப் புரியவில்லை. குடை இல்லை. பந்தல் இல்லை. கூரை இல்லை. இந்த ஊரில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? மழையில் யார் வந்து சாப்பிடுவார்கள்? ஏன் மேலே ஒன்றுமே இல்லை?"

"மேலே ஒன்றும் வேண்டாம்" என்றான் வரதராசா.

ஜன்னலருகே நின்றபடியே சொன்னான். மகேந்திரராசாவிடம் சொன்ன குரல் அல்ல. களைத்த குரல்.

ஜெர்மேன் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்று கல்லின்மேல் படுத்திருந்தது நீங்கள்தானே? நான் கத்தினேன். செத்துவிட்டீர்கள் என்று நினைத்துத்தான் கத்தினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் கூரையில் ஏறக் கூடாது என்றேன்."

"தூங்கினேன்."

"கல்லின்மேலா?"

"நல்ல தூக்கம்" என்றான் வரதராசா. அவன் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்து போனது.

கோசலை தேநீர் வைக்கப் போக நினைத்தாள். அசைந்தால் ஏதோ உடைந்துவிடும் போலிருந்தது. வெளியே மெத்ரோ ஒன்று அலைபோல வந்து போனது.

"உணவகம் இல்லை மதாம்" என்றான் அவன். அவனுடைய பிரெஞ்சு குசினியில் படித்தது. அதில் சின்னச் சின்ன வசனங்கள்தான் உண்டு. "கூரைக்குக் கீழே எனக்குத் தூக்கம் இல்லை. பத்து வருடம். இங்கே ஒரு பாய் போடுவேன். படுப்பேன். சத்தம் இல்லை."

"ஏன்?"

"எங்கள் நாட்டில் போர். நிலத்தில் பள்ளம் வெட்டுவோம். மேலே மரம், மரத்துக்கு மேலே மண். அதுதான் எங்கள் கூரை." இடது உள்ளங்கையை விரித்து, வலது கையை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்தான். "கூரை விழுந்தது. நான் கீழே."

இது கோசலைக்குத் தெரியாது. இத்தனை வருடம் அவனோடு இருந்து, பூங்கா வாங்கில் அவனைக் காவல் காத்து, விண்ணப்பத்தின் ஒவ்வொரு கடதாசியையும் தானே சுமந்து போய்க் கொடுத்தவளுக்கு இது தெரியாது. அவள் கேட்க நினைத்ததையெல்லாம் எதிர் ஜன்னல் கிழவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெர்மேன் கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக. பிறகு விரலால் அழுத்தி அழுத்தி, மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கி, மேலங்கிப் பையில் போட்டாள். சிறிது நேரம் அந்தப் பைமேலேயே கையை வைத்திருந்தாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்.

"தனியாகவா இருந்தீர்கள்?"

வரதராசா மேசைமேல் கிடந்த தொலைபேசியைப் பார்த்தான். கொஞ்சம் முன்னர் அம்மாவின் குரல் வந்த தொலைபேசி. பிறகு கோசலையின் பக்கம் திரும்பினான். தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழும்பியவன்போல அவன் கண் இருந்தது. பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னான்.

"அண்ணை காணாமல் போகேல்லை, கோசலை. என்னோடை அந்தக் கூரைக்குக் கீழைதான் கிடந்தவர். என்னை மட்டுந்தான் வெளியிலை எடுத்தவை."